டேலியா கேட்கும் இரவு

சென்னை கோயம்பேடு பூ அங்காடியில் விடிவதற்கு முன்பே வந்து இறங்கும் மூட்டைகளில் மெக்சிகோவைப் பூர்வீகமாகக் கொண்ட இரண்டு பூக்கள் எந்த நாளும் இருக்கும். ஒன்று நிலச்சம்பங்கி, மற்றது செண்டுமல்லி. கல்யாண மேடை, கோயில் மாலை, ஆயுத பூஜை, இறுதி ஊர்வலம் என்று நம் வாழ்வின் எல்லாச் சடங்குகளிலும் இவற்றுக்கு இடம் உண்டு. கொலம்பஸ் காலத்துக்குப் பிறகு கப்பலேறி வந்தவை என்று இவற்றைப் பார்க்கும் யாருக்கும் தோன்றாது. அதே நாட்டிலிருந்து, அதே ஸ்பானியர் கைவழியே உலகுக்கு வந்த மூன்றாவது பூ டேலியா. ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவிலும் கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவிலும் கோடையில் அதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு சாண் அகலத்துக்கு விரிந்து, அடுக்கடுக்கான இதழ்களோடு, சிவப்பிலும் மஞ்சளிலும் ஊதாவிலும் நிற்கும். ஆனால் கோயம்பேட்டில் அது மூட்டையாக வந்து இறங்குவதில்லை. ஒரே நாட்டுப் பூக்கள் மூன்றில் இரண்டு சமவெளியில் குடியேறிவிட்டன, ஒன்று மட்டும் மலையை விட்டு இறங்க மறுக்கிறது.

சென்னையின் புறநகரில் ஆவடி, பூந்தமல்லி, அம்பத்தூர் பக்கம் கால் ஏக்கரோ அரை ஏக்கரோ இன்னும் மனைபோடாமல் வைத்திருப்பவர்களுக்கு இது வெறும் பொது அறிவுக் கேள்வி அல்ல. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தண்டோடு வெட்டி விற்கும் சின்னச் சின்னக் கொய்மலர்ப் பண்ணைகள் டேலியாவை நம்பியே நடக்கின்றன. ஒரு செடி பருவம் முழுக்கப் பூத்துக்கொண்டே இருக்கும். வெட்ட வெட்டக் கிளைத்து இன்னும் அதிகமாகப் பூக்கும். பருவம் முடிந்ததும் மண்ணுக்கடியில் கிழங்குகள் பெருகியிருக்கும், அவற்றைப் பிரித்து விற்பதே தனி வருமானம். இங்கே பூந்தமல்லியிலிருந்து பெரிய சாலையைப் பிடித்தால் தென்னிந்தியாவின் மிகப் பெரிய பூச்சந்தைகளில் ஒன்று சிறிது நேரத்தில் வந்துவிடும். நிலம் இருக்கிறது, சந்தை பக்கத்தில் இருக்கிறது, அழகு கேட்காமலே விற்கும். பிறகு ஏன் நடக்கூடாது?

நடக்கூடாது என்பதுதான் என் முடிவு. ஆனால் அந்த முடிவுக்கு வந்து சேரும் வழியில் ஒரு செடி எப்படி வாழ்கிறது என்பதைப் பற்றி அவ்வளவு தெரிந்துகொள்ள முடிகிறது. அந்த வழியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

டேலியா என்று நாம் பார்ப்பது ஒரு பூ அல்ல, ஒரு கூட்டம். சூரியகாந்தியைப் போல, சாமந்தியைப் போல, பல நூறு குறும்பூக்கள் ஒரே தட்டில் நெருங்கி அமர்ந்து ஒரு பூவாகத் தோற்றமளிக்கின்றன. காட்டு டேலியாவில் ஓரத்தில் எட்டுக் குறும்பூக்கள் மட்டுமே நாக்குபோல் நீண்டு இதழ்களாகத் தெரியும். நடுவிலிருப்பவை எல்லாம் சிறிய மஞ்சள் குழல்கள், அவற்றில்தான் தேனும் மகரந்தமும். மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில் அந்த மஞ்சள் குழல்களும் நாக்குகளாக நீண்டு, நடுப்பகுதியே தெரியாத அடுக்கு டேலியா உண்டாயிற்று. பூங்காவில் நம்மை நிறுத்திவைக்கும் அந்தப் பெரிய உருண்டை, தேனீக்கு ஏறக்குறைய ஒன்றும் தராத பூ.

ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் மருத்துவர் ஃபிரான்சிஸ்கோ எர்னாண்டஸ் 1570களில் மெக்சிகோ முழுக்கச் சுற்றி அந்நாட்டு மூலிகைகளைப் பதிவு செய்தார். டேலியாவும் அந்தப் பதிவில் இருந்தது. ஆனால் விதை ஐரோப்பா போய்ச் சேர இன்னும் இருநூறு ஆண்டுகள் ஆயின. 1789இல் மெக்சிகோ நகரத் தாவரவியல் தோட்டத்திலிருந்து விசென்டே செர்வாண்டஸ் அனுப்பிய விதைகள் மாட்ரிட் தோட்டத்தில் முளைத்தன. அங்கிருந்த கவானியஸ் என்ற பாதிரியார் 1791இல், அதற்குச் சற்று முன் இறந்திருந்த ஸ்வீடன் தாவரவியலாளர் ஆண்டர்ஸ் டாலின் நினைவாக அதற்குப் பெயரிட்டார். ஐரோப்பியர் முதலில் அதன் கிழங்கை உணவாக்கப் பார்த்தார்கள். உருளைக்கிழங்கைப்போல் இன்னொன்று கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கை. சுவை பிடிக்கவில்லை. பூ மட்டும் பிடித்துப்போயிற்று.

அதன்பின் நடந்தது ஒரு வெடிப்பு. நூறு ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கான ரகங்கள் வந்துவிட்டன. இன்று பதிவில் இருப்பவை 20,000க்கும் மேல். வேறு எந்தத் தோட்டப்பூவிலும் இவ்வளவு வடிவங்களைக் காண்பது அரிது. காரணம் அதன் செல்லுக்குள் இருக்கிறது. நமக்கு ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது, ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தந்தையிடமிருந்து. தோட்ட டேலியாவுக்கு எட்டுப் பிரதிகள், மொத்தம் 64 குரோமோசோம்கள். நிறத்துக்கோ இதழ் வடிவத்துக்கோ எட்டுப் பிரதிகள் கலந்து சேரும்போது கிடைக்கும் சேர்க்கைகளுக்கு முடிவே இல்லை. அதனால்தான் டேலியா விதையைப் போட்டால் தாய்ச்செடியைப் போலவே வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஒரு ரகத்தை அப்படியே காப்பாற்ற வேண்டுமானால் கிழங்கோ தண்டுத் துண்டோதான் வழி.

அந்தக் கிழங்கின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி 1872இல் நடந்தது. மெக்சிகோவிலிருந்து ஹாலந்துக்கு ஒரு பெட்டி நிறையச் செடிக் கிழங்குகள் போயின. கடல் பயணத்தில் ஏறக்குறைய எல்லாமே அழுகிவிட்டன. பிழைத்த ஒன்றை நட்டபோது, அதுவரை யாரும் பார்த்திராத ஒரு சிவப்புப் பூ மலர்ந்தது. இதழ்கள் பின்புறமாகச் சுருண்டு ஊசிபோல் கூர்மையாக இருந்தன. இன்று கள்ளி வகை என்று அழைக்கப்படும் டேலியாக்கள் எல்லாம் அந்த ஒற்றைக் கிழங்கின் வழி வந்தவை.

நிறத்திலும் ஓர் அதிசயம் உண்டு. சிவப்பு இதழின் நுனி மட்டும் வெள்ளையாக இருக்கும் ரகங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெள்ளைப் பகுதியில் சிவப்பைத் தயாரிக்கும் மரபணு காணாமல் போகவில்லை, அது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எழுதி அனுப்பும் உத்தரவை, செடியே உண்டாக்கும் சிறிய ஆர்என்ஏ துண்டுகள் இடைமறித்து அழித்துவிடுகின்றன. ஜப்பானிய ஆய்வாளர்கள் ‘யுயினோ’ என்ற சிவப்பு-வெள்ளை ரகத்தில் இதை 2011இல் காட்டினார்கள். அழிப்பு நடக்கும் இடம் வெள்ளை, நடக்காத இடம் சிவப்பு. இந்த அமைப்பு நிலையானதும் அல்ல. அதே செடியில் சில நேரம் முழுச் சிவப்புப் பூவும் வந்துவிடும். இத்தனை நிறங்கள் இருந்தும் வழக்கமான கலப்பில் உண்மையான நீல டேலியா மட்டும் இதுவரை வந்ததில்லை. நீலத்துக்கு வேண்டிய நிறமியைத் தயாரிக்கும் வழி இந்தச் செடியின் உடலில் இல்லை.

இப்போது ஆவடிக்கு வருவோம்.

மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியின் உயரமும் 2,240 மீட்டர்தான். இரண்டுமே வெப்ப மண்டலத்துக்குள் இருக்கும் ஊர்கள், இரண்டிலும் வெயிலுக்குக் குறைவில்லை, இரண்டிலும் கோடை இரவுகூடக் குளிரும். உலகின் இரு மூலைகளில் இருக்கும் இந்த மலைகள் ஒரு செடிக்கு ஒரே வீடாகிவிட்டன. சுமார் 40 இனங்கள் கொண்ட காட்டு டேலியாக்களில் பெரும்பாலானவை மெக்சிகோவின் உயர்ந்த மலைச்சரிவுகளில் வளர்கின்றன. அவற்றுக்கு வேண்டியது பகலில் 20 முதல் 25 டிகிரி, இரவில் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. சென்னையின் மே மாத இரவு 27, 28 டிகிரி. ஊட்டியின் உயரத்துக்குப் பதினான்கு, பதினைந்து டிகிரியைக் கழித்துப் பாருங்கள், டேலியா கேட்கும் இரவு கிடைத்துவிடுகிறது.

பகல் வெயில்தான் செடியைக் கொல்கிறது என்று நாம் நினைப்போம். பகல் வெயிலை நிழல்வலை கட்டிப் பாதியாக்கலாம். டேலியாவைத் தோற்கடிப்பது இரவு. பகலில் இலை ஒளியை வாங்கிச் சர்க்கரை சேர்க்கிறது, அது வரவு. உயிரோடிருக்கும் ஒவ்வொரு செல்லும் இரவும் பகலும் அந்தச் சர்க்கரையை எரித்துச் சுவாசிக்கிறது, அது செலவு. பூ, தண்டு, கிழங்கு எல்லாம் மிச்சத்திலிருந்துதான். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் சுவாசத்தின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஊட்டியின் 12 டிகிரி இரவில் செலவாவதைப்போல் ஆவடியின் 27 டிகிரி இரவில் கணக்குப்படி ஏறக்குறைய மூன்று மடங்கு செலவாகும். வரவோ இரவில் சுத்தமாகக் கிடையாது. இரவெல்லாம் எரித்துவிட்டு மிச்சமில்லாமல் விடியும் செடி, மொட்டை உதிர்க்கும் அல்லது சிறிய பூவாக முடித்துக்கொள்ளும். தண்டு மெலிந்து, பூவின் கனத்தைத் தாங்காது. சிவப்பு, ஊதா நிறமிகள் சூட்டில் குறைவாகவே உண்டாகும் என்பதால் நிறமும் வெளிறிவிடும்.

சரி, சென்னைக்கும் மார்கழி, தை உண்டே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜனவரியில் சென்னையின் இரவு சராசரியாக 21 டிகிரி வரை இறங்கும். கல்கத்தாவைப் பாருங்கள். அதுவும் கடல் மட்டத்தை ஒட்டித் தாழ்ந்து கிடக்கும் சமவெளி நகரம்தான். ஆனால் அங்கே ஜனவரி, பிப்ரவரியில் மொட்டைமாடித் தொட்டிகளில் டேலியா பிரமாதமாகப் பூக்கிறது. மழை முடியும் சமயத்தில் கிழங்கில் முளைத்த தளிர்களை வெட்டி வேர்பிடிக்க வைத்து, குளிர்காலத்தில் பூக்கவைப்பது வங்காளிகளின் பழகிய கலை. மண் வளத்திலோ கைத்திறத்திலோ நமக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இருக்க முடியாது. கல்கத்தாவின் ஜனவரி இரவு சுமார் 14 டிகிரி. வித்தியாசம் அந்த ஏழு டிகிரிதான். இயற்கையே நமக்காக ஒரு சோதனையை நடத்தி முடிவைக் கையில் கொடுத்திருக்கிறது.

சென்னையின் குளிர்காலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. டேலியா பகலின் நீளத்தையும் கவனிக்கும் செடி. பகல் 12 மணி நேரத்துக்குக் கீழே சுருங்கினால் வறண்ட குளிர்காலம் நெருங்குகிறது என்று எடுத்துக்கொண்டு, சேமிப்பைக் கிழங்குக்குத் திருப்பத் தொடங்கும். அப்போது வரும் பூக்களில் இதழ்கள் குறைந்து, நடுவிலுள்ள மஞ்சள் தட்டு வெளியே தெரியும். சென்னையில் டிசம்பர் பகல் சுமார் 11 மணி 20 நிமிடம். ஜப்பானில் குளிர்காலத்துக்காக டேலியா வளர்ப்பவர்கள் இரவில் விளக்குப் போட்டுப் பகலைப் பதினான்கு மணி நேரத்துக்கு நீட்டுகிறார்கள். நாமும் விளக்குப் போடலாம், கல்கத்தா காட்டுவதுபோல் அது இல்லாமலும் சில ரகங்கள் ஒத்துழைக்கலாம். ஆனால் இரவுச் சூட்டை விளக்கு குறைக்காது. போதாததற்கு, குளிர்காலப் பூவுக்காகச் செடி நட வேண்டிய அக்டோபர், நவம்பரில்தான் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. செம்பரம்பாக்கம், கொரட்டூர், அம்பத்தூர், பருத்திப்பட்டு என்று ஏரிகள் தொடுத்த தாழ்நிலம் இது. வேர் மூச்சுவிட மண்ணில் காற்று வேண்டும். தண்ணீர் தேங்கிய மண்ணில் டேலியாக் கிழங்கு சீக்கிரமே அழுகிவிடும்.

பசுமைக்குடில் கட்டி ஏசி போல் குளிர வைக்க முடியாதா என்று அடுத்த கேள்வி வரும். ஓசூரில் ரோஜா அப்படித்தானே வளர்கிறது? ஓசூர் பக்கம் அமுதகொண்டபள்ளியில் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவின் பங்கேற்போடு தொடங்கிய டான்ஃப்ளோரா பூங்கா பசுமைக்குடில் ரோஜாவுக்குப் பேர்போனது. ஆனால் அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றும் சென்னையைவிட வறண்டது. பசுமைக்குடிலில் வழக்கமாகச் செய்வது, ஒரு சுவரில் நனைந்த அட்டைப் படுகை வைத்து, எதிர்ச் சுவரில் விசிறி வைத்துக் காற்றை இழுப்பது. நீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு குளிரும். ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்றில் நீர் ஆவியாக இடமில்லை, குளிர்ச்சியும் இல்லை. நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கும்போது எட்டக்கூடிய கடைசி எல்லைக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். கடற்கரைச் சென்னையில் கோடையில் அது 25 டிகிரியை ஒட்டியே நிற்கும். விசிறியை எவ்வளவு வேகமாகச் சுழலவிட்டாலும் இயற்பியல் அதற்குக் கீழே இறங்க விடாது. நிஜமான ஏசியைத்தான் போட வேண்டும், அந்த மின்கட்டணத்தை ஒரு பூவும் திருப்பித் தராது.

இதில் கவலைப்பட வேண்டிய ஒன்றும் இருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960களில் வந்தது. அதைத் தொடர்ந்து ஆவடி, திருவேற்காடு, பூந்தமல்லி என்று கட்டடம் பரவிக்கொண்டே போனது. பகலில் வாங்கிய சூட்டைச் சிமெண்டும் தாரும் இரவில்தான் வெளியே விடுகின்றன. ஆகவே நகரம் நெருங்கும்போது முதலில் காணாமல் போவது குளிர்ந்த இரவு. அடுத்த பத்து ஆண்டுகளில் இந்தப் பகுதியில் என்ன நட்டாலும் இதை மனத்தில் வைத்தே நட வேண்டும்.

கிழங்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உருளைக்கிழங்கு மாவுச்சத்தாகச் சேமிக்கிறது. டேலியா, ஃபிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரையைச் சங்கிலியாகக் கோத்து இன்யூலின் என்ற வடிவில் சேமிக்கிறது. மனிதக் குடலால் அதைச் செரிக்க முடியாது. இரத்தத்தில் செலுத்தினால் சிறுநீரகம் அதை அப்படியே வடிகட்டி வெளியேற்றும், நுண்குழல்கள் திரும்ப உறிஞ்சுவதும் இல்லை, கூடுதலாகச் சுரப்பதும் இல்லை. அதனால் சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைத் துல்லியமாக அளக்க 1930களிலிருந்து இன்யூலின் அளவுகோலானது. டேலியாக் கிழங்கு அதற்கு ஒரு மூலப்பொருள். ஐரோப்பியர் நாக்கு ஒதுக்கிய கிழங்கு மருத்துவமனைக்குப் பயன்பட்டது.

பண்ணைக்காரர் கண்ணால் பார்த்தால் அந்தக் கிழங்கு அவ்வளவு ஒத்துழைப்பதில்லை. உருளைக்கிழங்கில் உடம்பெல்லாம் கண்கள். டேலியாக் கிழங்கு வேர் பருத்து உண்டானது என்பதால் அதில் முளைக்கும் மொட்டே கிடையாது. தண்டோடு சேரும் கழுத்துப் பகுதியில் மட்டும்தான் மொட்டு. கழுத்து ஒடிந்த கிழங்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் முளைக்காது. நல்ல கிழங்கையும் அடுத்த பருவம் வரை குளிர்ந்த, சற்றே ஈரமான இடத்தில் வைத்திருக்க வேண்டும். சென்னையின் ஏப்ரல், மேயில் திறந்த கொட்டகையில் வைத்தால் சுருங்கும், ஈரம் காட்டினால் அழுகும்.

இவ்வளவையும் தாண்டிப் பூ கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதை விற்க வேண்டுமே. ரோஜாவை மொட்டாகவே வெட்டி, கட்டுக்கு இருபதாகக் கட்டி அனுப்பலாம். வாடிக்கையாளர் வீட்டில் அது விரியும். ரோஜா மொட்டின் இதழ்களிலேயே மாவுச்சத்து சேமிப்பு இருக்கிறது, அது சர்க்கரையாகி நீரை இழுத்து இதழை விரிக்கிறது. டேலியா மொட்டை வெட்டினால் மொட்டாகவே நின்றுவிடும். முக்கால்வாசிக்கு மேல் விரிந்த பிறகுதான் வெட்ட வேண்டும். விரிந்த பூவைப் பெட்டியில் அடுக்கினால் இதழ் நசுங்கும். குளிர்ந்த நாட்டுச் சாடியிலேயே அது நான்கைந்து நாள்தான் நிற்கும், நம் ஊர் அறைச் சூட்டில் அதுவும் குறையும். உலகமெங்கும் டேலியாவைப் பெரிய விமானப் பூ வணிகத்தைவிட உள்ளூர்ச் சிறு பண்ணைகளே விற்பதற்கு இதுதான் காரணம். காலையில் வெட்டி மாலைக்குள் விற்க வேண்டிய பூ அது.

நம் சந்தையின் வழக்கமும் அதற்கு எதிராக இருக்கிறது. தமிழ்நாட்டில் பூ வணிகத்தின் உயிர் உதிரிப்பூவில் இருக்கிறது. கிலோ கணக்கில் எடைபோட்டு, முழம் கணக்கில் தொடுத்து, கூந்தலுக்கும் சாமிக்கும் போகும் பூக்கள். அங்கே வாசனைக்கு விலை உண்டு. டேலியாவுக்கு வாசனை ஏறக்குறைய இல்லை. சரத்தில் தொடுக்கும் அளவும் அதற்கு இல்லை.

இந்த இடத்தில்தான் நிலச்சம்பங்கியைப் பார்த்து வியக்கத் தோன்றுகிறது. டேலியாவின் நாட்டுக்காரி, ஆனால் குணம் நேர் எதிர். அதற்கு 20 முதல் 32 டிகிரி வரை சுகம், கடுங்குளிர்தான் ஆகாது. மரபணு ஆராய்ச்சிக்குப் பிறகு தாவரவியலாளர்கள் அதைப் பழைய பேரினத்திலிருந்து எடுத்து அகேவ் பேரினத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். அதாவது ரயில் பாதையோரம் வெயிலில் முள்ளோடு நிற்கும் ஆனைக்கற்றாழையின் நெருங்கிய உறவு அது. அந்த மென்மையான வெள்ளைப் பூவையும் அந்த முரட்டுக் கற்றாழையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம்புவது கடினம். அந்த ஆனைக்கற்றாழையும் மெக்சிகோவிலிருந்து வந்ததே.

வெள்ளை நிறம், நீண்ட குழல், இருட்டியதும் ஏறும் மணம். இவை மூன்றும் சேர்ந்தால் அந்தப் பூ இரவில் பறக்கும் விட்டில்களுக்காக உண்டானது என்று ஊகிக்கலாம். டேலியாவுக்குப் பகையான சூடான இரவு சம்பங்கிக்கு விருந்து நேரம். மல்லிகையும் அப்படியே. இந்த இரண்டுக்கும் இன்னொரு பொதுவான திறமை உண்டு, பறித்த பிறகும் மணத்தைப் புதிதாகத் தயாரித்துக்கொண்டே இருக்கும். பிரான்சின் கிராஸ் நகரத்து வாசனைத் தொழிலாளர்கள் அந்தக் காலத்தில் இவ்விரண்டு பூக்களையும் கொழுப்புப் பூசிய கண்ணாடிமேல் பரப்பி, மணிக்கணக்கில் வெளிவரும் மணத்தை உறிஞ்ச வைத்தது அதனால்தான். விடிகாலை பறித்த மொட்டு இரவு கூந்தலில் மணக்கிறது என்றால், அந்த மணத்தில் பெரும்பகுதி பறித்தபோது அதில் இருந்ததே இல்லை.

திருவள்ளூர் மாவட்டத்தில் வெங்கல், தாமரைப்பாக்கம், ஊத்துக்கோட்டை வட்டாரங்களில் மல்லி பயிராவது தற்செயல் அல்ல. மார்கழி, தையில் பனி விழும்போது மல்லியின் விளைச்சல் சரிந்து பொங்கல் சமயத்தில் விலை எகிறுவதை எல்லோரும் பார்க்கிறோம். டேலியா ஏங்கும் அந்தச் சில குளிர்ந்த வாரங்களையே மல்லி வெறுக்கிறது. ஒரே வயலில் இரண்டையும் திருப்திப்படுத்தும் பருவம் கிடையாது.

செண்டுமல்லியின் உபாயம் வேறு. அது கிழங்குச் சேமிப்பையே நம்பவில்லை. விதையிலிருந்து முளைத்து, சில மாதங்களில் பூத்து, விதைத்து, முடித்துக்கொள்கிறது. மெக்சிகோவில் இறந்தோர் நினைவு நாளில் கல்லறைகளை இதே பூவால் அலங்கரிக்கிறார்கள். அங்கேயும் இறுதி மரியாதைக்கு இந்தப் பூ, இங்கேயும் இதுவே. இரு நாட்டு மனிதர்கள் ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

எனவே பூந்தமல்லி, ஆவடிப் பக்கம் கொய்மலர்தான் வேண்டும் என்று நிற்பவருக்கு நான் சொல்வது அடுக்குச் சம்பங்கி. பெங்களூரு ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ‘சுவாசினி’, ‘வைபவ்’ ரகங்கள் நீண்ட தண்டோடு வெட்டி விற்க ஏற்றவை. அடியிலுள்ள ஒன்றிரண்டு பூக்கள் விரியத் தொடங்கும்போது வெட்டினால் மற்றவை சாடியில் கீழிருந்து மேலாக விரியும். டேலியாவிடம் இல்லாத குணம் இது. மாலைக்குப் போகும் உதிரிப்பூ வேண்டுமானால் அதே நிறுவனத்தின் ‘பிரஜ்வல்’ இருக்கிறது. அதன் பெற்றோரில் ஒன்றின் பெயரே ‘மெக்சிகன் சிங்கிள்’. ஜூன், ஜூலையில் 45க்கு 20 சென்டிமீட்டர் இடைவெளியில் நட வேண்டும், எக்டேருக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிழங்குகள் பிடிக்கும். ஒருமுறை நட்டால் இரண்டு மூன்று ஆண்டுகள் பூக்கும், பக்கக் கிழங்குகள் தாமாகவே பெருகும். மேட்டுப்பாத்தி போட்டு வடிகால் வெட்டுவது மட்டும் தப்பக்கூடாது, வடகிழக்குப் பருவமழை எந்தக் கிழங்குக்கும் சலுகை காட்டாது. மண் பரிசோதனைக்கும் ரகத் தேர்வுக்கும் திருவள்ளூரை அடுத்த திரூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பணம் போடுவதற்கு முன் ஒருமுறை அங்கே போய்வாருங்கள்.

டேலியா ஆசை விடவில்லையா? தொழிலாக வேண்டாம், தொட்டியில் வையுங்கள். ‘ஃபிகரோ’ போன்ற குட்டை ரக விதையை அக்டோபர் கடைசியில் மழை படாத இடத்தில் விதையுங்கள். நன்றாக வடியும் மண், காலை வெயில், பிற்பகல் நிழல் இருந்தால் ஜனவரி, பிப்ரவரியில் பூக்கும். கிழங்கைச் சேமிக்க மெனக்கெட வேண்டாம், அடுத்த ஆண்டு புது விதை வாங்கிக்கொள்ளலாம். பூ ஊட்டிப் பூ அளவுக்கு வராது, இதழ்கள் குறைவாக, நடுவில் மஞ்சள் தட்டு தெரியும்படி இருக்கும். அதில் மகரந்தம் உண்டு, தேனீ வரும்.